சனிக்கிழமை சாயங்காலம் ஜாக்கிரதை!

கோவிலில் கயிறு கட்டியாச்சு. சாமி முன்னால் சத்தியமும் பண்ணியாச்சு. "இனிமே தொடவே மாட்டேன்" என்று சொன்ன மனுஷன் பத்து நாள் ஒழுங்காகத்தான் இருக்கிறார். அடுத்த நாள் சனிக்கிழமை. கையில் வாரக் கூலி. "வா மாப்ளே, ஒரே ஒரு கட்டிங்!" என்று கூட்டாளி தோளில் கை போடுகிறார். அவ்வளவுதான், போச்சு சத்தியம்!

எம். புதுப்பட்டி, சிவகாசி வட்டாரத்தில் இந்தக் கதை தெரியாத தெரு உண்டா? "திருந்தாத ஜென்மம்" என்று ஊரும் முடிவு கட்டிவிடுகிறது. அங்கேதான் தப்பு!

விடுகிறேன் என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். விட்டதைத் திரும்பத் தொடாமல் இருப்பது வருஷக்கணக்கான வேலை. அதற்குச் சத்தியம் மட்டும் போதாது, முன்னேற்பாடு வேண்டும்.

எங்கே வழுக்கும்?

பட்டாசுத் தொழிலாளிக்கு ஆபத்து நாட்கள் காலண்டரிலேயே இருக்கின்றன. சனிக்கிழமைக் கூலி, தீபாவளி போனஸ், தீபாவளி முடிந்து ஆலை அடைத்திருக்கும் நாட்கள், மழையால் வேலையில்லாத பொழுது, பங்குனிப் பொங்கல் கூட்டம். இவற்றோடு பசி, கோபம், தனிமை, அலுப்பு சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

ஆகவே, கூலி வாங்கும்போது வீட்டு ஆள் ஒருவர் கூட இருக்கட்டும். வெறும் வயிற்றோடு கிளம்ப வேண்டாம். கடை இல்லாத பாதையில் வீடு திரும்பட்டும். கூப்பிடுகிறவருக்குப் பதிலும் தயாராக இருக்கட்டும்: "டாக்டர் மாத்திரை குடுத்திருக்காரு, வேண்டாம்ணே!"

ஆசை அலை மாதிரி. எழும்பும், கொஞ்ச நேரத்தில் அடங்கும். அந்த அரை மணி நேரத்தை டீக்கடையிலோ, நம்பிக்கையான ஒருவரோடு பேசியோ ஓட்டிவிட்டால் ஜெயித்த மாதிரி.

சறுக்கினால்?

ஒரு நாள் சறுக்கினால் "எல்லாம் போச்சு, இனி என்ன?" என்ற நினைப்புதான் ஆளை முழுக்குடியில் தள்ளுகிறது. அமெரிக்க மனநூல் அறிஞர் ஆலன் மார்லட் 1985-ல் வெளியிட்ட புத்தகம் இதைத்தான் விளக்கியது. சறுக்கியவரைச் சந்தி சிரிக்க வைக்காமல், மறுநாளே டாக்டரிடம் கூட்டிப் போவதுதான் புத்திசாலித்தனம்.

இரண்டு எச்சரிக்கை! தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, பிதற்றல் வரலாம், உயிருக்கே ஆபத்து. டாக்டர் மேற்பார்வை அவசியம். கை நடுங்குகிறவரை மருந்து கலக்கும் அறைக்குள் விடவும் கூடாது. அடுத்தது, புருஷனுக்குத் தெரியாமல் சோற்றில் கலக்கிற "குடி மறக்கும் பொடி". வேண்டவே வேண்டாம்! உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? குடியைத் தடுக்கும் மாத்திரை அதில் இருந்து, அவர் மேலே குடித்தும் விட்டால் விபரீதம்தான்.

ஊர் என்ன செய்யலாம்?

சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடி கிராமத்துக்கே போய்ச் சிகிச்சை முகாம் நடத்தியது. குடும்பத்தையும் ஊரையும் சேர்த்துக்கொண்டது. முகாம் முடிந்த பிறகும் தொடர்ந்து கவனித்தது. அந்த மாதிரி முகாம் பட்டாசு வட்டாரத்தில் ஏன் நடக்கக் கூடாது? தீபாவளி முடிந்து வேலை ஓய்ந்திருக்கும் நாட்களே அதற்கு ஏற்ற நேரம். ஆலை முதலாளிகளும் அரசும் மனசு வைத்தால் முடியும்!

அதுவரை அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவு இருக்கிறது. 14446 என்ற இலவச தொலைபேசி எண்ணும் இருக்கிறது.

கடைக்கார அண்ணாச்சிகளும் ஒரு உபகாரம் செய்யலாம். குடியை விட்டவர் வந்தால் "எத்தனை நாளைக்கு?" என்று கிண்டல் வேண்டாம். "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். சனிக்கிழமை சாயங்காலம் அதுவே பெரிய வைத்தியம்!