கை நடுங்கியவன் சொல்கிறேன்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் 34 வருடம் குழித்தறியில் உட்கார்ந்தவன் நான். கோர்வைச் சேலைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும், மூன்று நாடா வேண்டும். கரை நிறமும் உடல் நிறமும் சேருமிடத்தில் ஒவ்வொரு ஊடையையும் கோத்து வாங்கவேண்டும். பிசகினால் கூலியில் பிடிப்பார்கள். மறுகரை நாடாவை என் மனைவி தள்ளுவாள்.

காலையில் என் கை நடுங்கும். கொஞ்சம் உள்ளே போனால் அடங்கிவிடும். டாஸ்மாக் திறப்பது பகல் 12 மணிக்கு. அதுவரை தாங்காது என்று முந்தின இரவே மீதி வைத்துக்கொள்வேன். சுகத்துக்குக் குடிக்கிறான் என்று தெருவே ஏசியது. கடைசி ஆறு வருடம் நான் குடித்தது தறியில் உட்காரத்தான்.

ஆரம்பம் மழையில். ஐப்பசியில் குழியில் ஈரம் ஊறும், தெருவில் பாவு விரிக்கமுடியாது, வாங்கிய முன்பணம் மட்டும் கழுத்தை நெரிக்கும். ஆனால் அதே மழையில் பக்கத்துத் தறிக்காரரும் சும்மாதான் உட்கார்ந்திருந்தார். அவர் ஒரு கிளாஸோடு எழுந்துபோனார், என்னால் முடியவில்லை. என் அப்பாவும் குடித்தவர். பரம்பரைக்கும் இதில் பெரிய பங்கு உண்டு என்று பிறகு டாக்டர் சொன்னார்.

குமரகோட்டத்து முருகன் முன்னால் மூன்று முறை சத்தியம் செய்தேன். மூன்றாவது முறை, நிறுத்திய இரண்டாம் நாள் வலிப்பு வந்தது. சாமி குத்தம் என்று வீடே அழுதது. மது மூளையை அமுக்கும், அதற்கு ஈடுகொடுக்க மூளை தன் வேகத்தை வருடக்கணக்கில் ஏற்றிக்கொள்ளும், மது திடீரென நின்றால் அந்த வேகம் அடங்காமல் நடுக்கமும் வலிப்பும் பிதற்றலுமாக வெளிவரும் என்று டாக்டர் விளக்கினார். உயிரே போகலாமாம். மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து, பி1 ஊசி போட்டு என்னை மீட்டார்கள். அந்த வலிப்புக்கு முன் ஒருவராவது இதைச் சொல்லியிருக்கக் கூடாதா?

2003 முதல் மதுவின் சில்லறை விற்பனை அரசின் கையில் இருக்கிறது. பாட்டிலில் எச்சரிக்கை அச்சடித்தால் மட்டும் போதாது. நாள்பட்டுக் குடிப்பவர் திடீரென நிறுத்தக்கூடாது, டாக்டரிடம் போகவேண்டும் என்று ஒவ்வொரு கடை வாசலிலும் எழுதிவையுங்கள். கூடவே 14446 என்ற இலவச உதவி எண்ணையும் போடுங்கள். காய்ச்சலுக்குப் போவதுபோல் கூசாமல் போய்ப் படுக்க, தாலுகா ஆஸ்பத்திரிதோறும் நாலு கட்டிலாவது வேண்டும்.

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு பையனைக் குடி மறக்கட்டும் என்று அறையில் பூட்டியிருந்தார்கள். அவன் அம்மாவிடம் கெஞ்சிச் சாவியை வாங்கினேன். ஆட்டோவில் ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அவன் இரண்டு கையையும் என் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன்.