குப்பத்தைக் கேட்காத கொள்கை

2023 அக்டோபர் 20 அன்று தமிழ்நாட்டில் கைப்பேசிகள் ஒரே நேரத்தில் அலறின. பேரிடர் வந்தால் ஒரு பகுதியில் உள்ள கைப்பேசிகளுக்கெல்லாம் நொடியில் எச்சரிக்கை அனுப்பும் புதிய ஏற்பாட்டின் சோதனை ஓட்டம் அது. இரண்டு மாதம் கழித்து, டிசம்பர் 26 நள்ளிரவு நெருங்கும் வேளையில், வடசென்னையின் எண்ணூரில் கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்குக் கப்பலிலிருந்து திரவ அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் கசிந்தது. மீனவக் குப்பங்களான பெரியகுப்பத்தையும் சின்னக்குப்பத்தையும் எழுப்பியது கைப்பேசி அல்ல, கண்ணையும் தொண்டையையும் எரித்த நெடிதான். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு, கிடைத்த பைக்கிலும் ஆட்டோவிலும் ஏறி மக்கள் ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள்.

மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்து பார்த்தது. ஆலை வாசலருகே காற்றில் ஒரு கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் அமோனியா. 24 மணி நேரச் சராசரி 400ஐத் தாண்டக் கூடாது. குழாய் இருந்த இடத்தில் கடல்நீரில் லிட்டருக்கு 49 மில்லிகிராம், வரம்பு 5. இந்த எண்கள் வெளியானபோது மக்கள் மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தார்கள்.

தமிழக அரசு அமைத்த தொழில்நுட்பக் குழு காரணத்தை ஆராய்ந்தது. அந்த மாதத் தொடக்கத்தில் வந்த மிக்ஜாம் புயலின் அலைகள், குழாயின் மேல் அடுக்கியிருந்த கருங்கற்களைப் புரட்டியிருக்கலாம், அவை குழாயைச் சேதப்படுத்தியிருக்கலாம் என்றது. பழைய குழாயை எடுத்துவிட்டு நவீனக் கண்காணிப்பு வசதியுள்ள புதிய குழாய் போடச் சொன்னது. நல்ல பரிந்துரைதான். ஆனால் எண்ணூரின் குறை உணர்கருவிப் பற்றாக்குறை மட்டும்தானா? பெருமாசு ஏற்படுத்தும் 17 வகைத் தொழில்களின் புகைபோக்கிகளிலும் கழிவுநீர் வாய்களிலும் தொடர் கண்காணிப்புக் கருவி பொருத்தும்படி மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014லேயே உத்தரவிட்டது. மணலி, எண்ணூர் ஆலைகள் வெளியே விடும் புகையின் அளவு இருபது கிலோமீட்டருக்கு அப்பால் கிண்டியில் உள்ள மாநில வாரிய அலுவலகத்துக்கு உடனுக்குடன் போய்ச் சேர்கிறது. அந்தப் புகையைச் சுவாசிப்பவரின் தெருமுனையில் அதைக் காட்டும் ஒரு பலகை இல்லை. கருவியை வாங்கச் சொன்ன கொள்கை, அது பேச வேண்டியது யாரிடம் என்பதை அலுவலகத்தோடு நிறுத்திக்கொண்டது.

சட்டமும் புதிதாக வர வேண்டியதில்லை. போபால் விஷவாயுப் பேரழிவுக்குப் பிறகு பிறந்தவை 1989ஆம் ஆண்டின் அபாயகரமான ரசாயனங்கள் உற்பத்தி, சேமிப்பு, இறக்குமதி விதிகள். அவற்றில் 15ஆம் விதி தெளிவானது: பெரும் விபத்து நடந்தால் பாதிக்கப்படக்கூடிய வெளியாட்களுக்கு, ஆபத்து எத்தகையது, என்ன செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று முன்கூட்டியே தெரிவித்திருக்க வேண்டும். ஆலைக்கு வெளியே மக்களைக் காப்பதற்கான அவசரத் திட்டத்தை ஆண்டுக்கு ஒரு முறையாவது ஒத்திகை பார்க்க வேண்டும் என்கிறது 14ஆம் விதி. பெரியகுப்பத்தில் எத்தனை வீட்டுக்கு 15ஆம் விதி கேட்கும் தகவலோடு ஒரு தாள் போனது? எத்தனை ஒத்திகையில் மீனவப் பெண்கள் நின்றார்கள்?

அந்தத் தாளில் இருக்க வேண்டியது அரைப் பக்கம்கூட வராது. அமோனியா தண்ணீரில் எளிதில் கரையும். ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடுங்கள். காற்று போகும் திசையிலேயே ஓடாதீர்கள், அதற்குக் குறுக்கே விலகிப் போங்கள். கண் எரிந்தால் தண்ணீரை விட்டுக் கழுவிக்கொண்டே இருங்கள். வாடைக்கும் கச்சானுக்கும் வித்தியாசம் தெரியாத ஒருவர் அந்தக் கரையில் கிடையாது. காற்றைப் பார்த்துக் கடலுக்குள் போகிறவர்களிடம் காற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி வைத்திருந்தால், அந்த இரவில் யாரும் திக்குத் தெரியாமல் ஓடியிருக்க வேண்டியதில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. 2023 ஜனவரியில் மத்திய அமைச்சரவை 19,744 கோடி ரூபாயில் தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு ஒப்புதல் தந்தது. 2030க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் உற்பத்தி இலக்கு. எண்ணூர்க் கசிவு நடந்து இரண்டே மாதத்தில், 2024 பிப்ரவரியில், தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் பசுமை ஹைட்ரஜன் மையத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஹைட்ரஜனைக் கப்பலில் கொண்டுபோவது கடினம். அதை அமோனியாவாக மாற்றி அனுப்புவதே பலரும் தேர்ந்தெடுத்திருக்கும் வழி. கப்பலுக்கான எரிபொருளாகவும் அமோனியாவை உலகம் பரிசோதித்துக்கொண்டிருக்கிறது. இந்தத் தொழில்நுட்பத்தை நாம் எதிர்க்கவில்லை. நிலக்கரிச் சாம்பலில் மூச்சுமுட்டிய வடசென்னைக்குத் தூய எரிபொருளின் அருமை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் சூரிய ஒளியில் தயாரித்தாலும் இயற்கை எரிவாயுவில் தயாரித்தாலும் அமோனியா அமோனியாதான். நுரையீரலுக்குப் பசுமை என்ற அடைமொழி தெரியாது. 2024 ஜூலையில் தூத்துக்குடி அருகே புதூர் பாண்டியாபுரத்தில் மீன் பதப்படுத்தும் ஆலை ஒன்றில் அமோனியா கசிந்து பெண் தொழிலாளர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். அங்கே இருந்தது குளிரூட்டப் பயன்பட்ட வாயு மட்டுமே.

போபால் நடந்து இரண்டே ஆண்டில், 1986இல், அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. ஆலையில் என்ன ரசாயனம் எவ்வளவு இருக்கிறது என்பதை அந்த ஊரின் அவசரகாலக் குழுவுக்கும் தீயணைப்புத் துறைக்கும் சொல்லியாக வேண்டும். ஊர்க்காரர் யார் கேட்டாலும் காட்டியாக வேண்டும். நம் மக்கள் செத்துக் கற்றுக்கொடுத்த பாடத்தால் அங்கே ஆலைக்குப் பக்கத்தில் வசிப்பவருக்கு உரிமை கிடைத்தது. நம் விதியோ தகவல் சொல்லும் பொறுப்பை ஆலையிடமும் அதிகாரியிடமும் விட்டது. கேட்டு வாங்கும் உரிமையைக் குப்பத்தின் கையில் கொடுக்கவில்லை. எண்ணூர் மக்கள் வாரக்கணக்கில் பந்தல் போட்டு உட்கார்ந்துதான் தங்கள் குரலைக் கேட்கவைக்க வேண்டியிருந்தது.

ஆகவே மாநில அரசுக்கு நம் கோரிக்கை இது. பசுமை அமோனியாவுக்கு நிலமும் மானியமும் கொடுக்கும் ஆணையிலேயே, 15ஆம் விதிப்படியான தமிழ்த் தாள் வீடுவீடாகப் போய்ச் சேர்ந்ததென்று உள்ளாட்சியும் மீனவப் பஞ்சாயத்தும் கையெழுத்திட்ட பிறகே உற்பத்தி தொடங்கலாம் என்ற நிபந்தனையைச் சேருங்கள். ஆலையின் உணர்கருவி அலறினால் அந்தச் சுற்றுவட்டாரக் கைப்பேசிகளும் அதே நொடியில் அலறும்படி இணையுங்கள். சோதித்துப் பார்த்த தொழில்நுட்பம் கையில் இருக்கிறது. ஒத்திகையைப் பகலில் அலுவலர்களை வைத்து நடத்தாமல், இரவில் குப்பத்து மக்களோடு நடத்துங்கள். தூத்துக்குடிக்குப் போகும் முன் எண்ணூரில் இதைத் தொடங்குங்கள்.