தூர்வாரும் ஏரியில் எதை விட்டுவைப்பது?

கோடை வந்தால் ஏரிக்குள் பொக்லைன் இறங்குவது இப்போது வழக்கமாகிவிட்டது. நீர்நிலைகளில் வண்டல் மண், களிமண் எடுப்பதற்கான அனுமதியை 2024-ல் தமிழக அரசு வட்டாட்சியர் அளவிலேயே பெறும்படி எளிமையாக்கியது. நஞ்சை நிலத்துக்கு ஏக்கருக்கு 75 கனமீட்டர், புஞ்சைக்கு 90 கனமீட்டர் வரை கட்டணமில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். மண்ணை வெட்டி ஏற்றி வீடு சேர்க்கும் செலவு மட்டும்தான் உங்களுடையது.

நல்ல ஏற்பாடு. 75 கனமீட்டரை ஓர் ஏக்கரில் பரப்பினால் இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவான படிவம்தான் கிடைக்கும். ஆனால், தண்ணீர் நிற்காத செம்மண்ணிலும் மணல்சாரி நிலத்திலும் அதை உழுது கலந்தவர்களுக்கு, ஈரம் கூடுதல் நாட்கள் நிற்பது தெரிந்திருக்கும்.

எனக்குள்ள குறை வேறு. எத்தனை லோடு போனது, எத்தனை அடி ஆழமானது என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. மண் எடுத்த பிறகு அந்த ஏரியில் நிற்கும் தண்ணீர் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் குறைவு. நாளிதழ்களில் வேறு செய்திகளும் வருகின்றன. ஓர் ஊரில் ஏரி மீன்கள் செத்து மிதக்கின்றன. மேட்டூர் நீர்த்தேக்கத்தில் பண்ணவாடி பக்கம் தண்ணீர் பச்சையாகித் துர்நாற்றம் வீசுகிறது. தூர்வாருவது பொறியாளர் வேலை, மீன் சாவது மீன்வளத் துறை விஷயம், நாற்றம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பாடு என்று தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறோம். மூன்றுமே ஏரியின் அடிச்சேற்றோடு தொடர்புடையவை.

சேற்றுக்குள் நடப்பது

ஏரியைப் புரிந்துகொள்ள நெல் வயல் தெரிந்தால் போதும். தண்ணீர் கட்டி நிற்கும் வயலில் கலக்காமல் ஒரு பிடி சேற்றை எடுத்துப் பாருங்கள். மேலே மெல்லிய பழுப்புப் படலம் இருக்கும். அதற்குக் கீழே சாம்பலும் கறுப்புமாகச் சேறு இருக்கும். மேல் படலத்துக்குத் தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் கிடைக்கிறது. அதனால் அங்கே இரும்பு, துருவாக இருக்கிறது. கீழே ஆக்சிஜன் இல்லாததால் துரு கரைந்துவிடுகிறது.

துருவுக்கு மணிச்சத்தைப் பிடித்து வைக்கும் குணம் உண்டு. அது கரையும்போது பிடித்த மணிச்சத்தையும் விட்டுவிடும். நீர் கட்டிய பிறகு மண்ணில் முடங்கிக் கிடந்த மணிச்சத்து நெல்லுக்குக் கூடுதலாகக் கிடைப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வயலில் அதை எடுத்துக்கொள்ளப் பயிரின் வேர் இருக்கிறது. ஏரியின் அடியில் இதே மாற்றம் நடந்தால், விடுபடும் மணிச்சத்து மேலே வந்து பாசிக்கு உரமாகிறது.

எனவே, ஏரியின் அடிமட்டத்துக்கு ஆக்சிஜன் போய்ச் சேர்கிறதா என்பதுதான் கேள்வி. சூடான நீர் இலேசானது, குளிர்ந்த நீர் கனமானது. வெயில் ஏறும்போது மேல் நீர் சூடாகி, அடிநீரோடு கலக்காமல் மிதக்கும். நம் ஏரிகள் அகலமானவை, ஆழம் குறைந்தவை. மாலைக் காற்றும் இரவுக் குளிர்ச்சியும் சேர்ந்து பெரும்பாலான நாட்களில் மேலையும் கீழையும் கலக்கிவிடும். தாம்பாளம் போன்ற இந்த வடிவத்தால் நமக்கு ஆவியாதல் இழப்பு உண்டு. ஆனால், அடிச்சேறு மூச்சுவிடுவதும் இதே வடிவத்தால்தான்.

நடுவே கிணறுபோல ஒரு குழி தோண்டிவிட்டால் காற்றின் கலக்கல் அதன் அடிவரை எட்டாது. அங்கே விழும் இலை, சாணம், செத்த பாசி எல்லாம் மட்கும்போது இருக்கும் ஆக்சிஜனைத் தின்று தீர்த்துவிடும். சூடான நீரில் ஆக்சிஜன் கரைவதும் குறைவு. 20 டிகிரி செல்சியஸில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் கரையும் என்றால், 30 டிகிரியில் சுமார் 7.5 மில்லிகிராம்தான்.

பகலில் பாசி ஆக்சிஜனை வெளிவிடும். இரவில் அதுவே ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். அதனால் ஏரியில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும் நேரம் விடியற்காலை. இரண்டு மூன்று நாள் வானம் மூடியிருந்து, தண்ணீரும் கரும்பச்சையாக இருந்தால், விடியற்காலையில் கட்லா மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். சூரியன் ஏறுவதற்குள் மிதக்க ஆரம்பித்துவிடும். மீன்பாசி ஏலம் எடுத்தவர், யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்று காவல் நிலையத்துக்குப் போவார். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால், அன்றைய விடியலில் ஆக்சிஜன் எவ்வளவு இருந்தது என்று யாரும் அளந்திருக்க மாட்டார்கள்.

ஒரு மூட்டை டி.ஏ.பி.

பாசியைக் கட்டுப்படுத்துவது எந்தச் சத்து? 1973-ல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் டேவிட் ஷிண்ட்லர் என்ற அறிவியலாளரின் குழு, நடுவில் இடுங்கிய ஓர் ஏரியைத் திரைபோட்டு இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதியில் கரிமமும் தழைச்சத்தும் இட்டார்கள். மறு பாதியில் இவற்றோடு மணிச்சத்தையும் சேர்த்து இட்டார்கள். மணிச்சத்து சேர்ந்த பாதி மட்டும் பச்சையாக மாறியது. தழைச்சத்து குறைந்தால் நீலப்பச்சைப் பாசிகளில் பல வகைகள் காற்றிலிருந்தே அதை எடுத்துக்கொள்ளும். இந்தக் குடும்பத்துப் பாசியைத்தானே நெல் வயலுக்கு உயிர் உரமாக இடச் சொல்கிறோம்? மணிச்சத்தைக் காற்றிலிருந்து எடுக்க அவற்றால் முடியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 கிலோ டி.ஏ.பி. மூட்டையில் 46 சதவீதக் கணக்கில் 23 கிலோ மணிச்சத்து இருக்கிறது. இதைத் தனிப் பாஸ்பரஸாக மாற்றினால் சுமார் 10 கிலோ. லிட்டருக்கு 35 மைக்ரோகிராம் அளவில் பாஸ்பரஸ் இருந்தாலே நீர்நிலை பாசி பெருகும் நிலைக்கு வந்துவிடும். அந்த 10 கிலோ முழுவதும் தண்ணீரில் கலந்தால், 10 மில்லியன் கனஅடி கொண்ட ஒரு சிற்றேரியையே அந்த நிலைக்குக் கொண்டுவரப் போதும். ஒரு மூட்டையும் அப்படியே ஏரிக்குப் போவதில்லை. ஆனால், நீர்ப்பிடிப்புப் பகுதியில் 200 ஏக்கர் சாகுபடி நடந்து, ஒவ்வொரு ஏக்கரிலும் ஒரு மூட்டையில் இருபதில் ஒரு பங்கு மழையோடு ஓடினால் என்ன ஆகும் என்பதை நீங்களே கணக்கிடலாம்.

'எங்கள் வயல் ஏரிக்குக் கீழேதானே இருக்கிறது, எங்கள் உரம் எப்படி ஏரிக்குப் போகும்?' என்று பயிற்சிக் கூட்டங்களில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால், நம் ஏரிகள் சங்கிலியாக அமைந்தவை. மேல் ஏரியின் கலிங்கு நீரும் அதன் ஆயக்கட்டு வடிகாலும்தான் கீழ் ஏரிக்கு வரத்து. உங்கள் வயலின் வடிகால் அடுத்த ஊரின் ஏரிக்குப் போகிறது. மேலே உள்ள ஊரின் வடிகால் உங்கள் ஏரிக்கு வருகிறது. ஒரு காலத்தில் மானாவாரியும் மேய்ச்சலுமாக இருந்த நீர்ப்பிடிப்புப் பகுதிகள் பல, ஆழ்துளைக் கிணறு வந்த பிறகு உரம் அதிகம் தேவைப்படும் பயிர்களுக்கு மாறிவிட்டன. ஊர்ச் சாக்கடை இதோடு சேர்கிறது. சாக்கடை வந்து சேரும் ஏரியில் வயல் உரத்தை மட்டும் குறை சொல்வது சரியல்ல.

மணிச்சத்து பெரும்பாலும் மண்துகளோடு ஒட்டிக்கொண்டுதான் ஓடும். அதனால் சரிவுக்குக் குறுக்கே உழுவது, வரப்பு மடையைப் பெருமழைக்கு முன் அடைப்பது, வரத்துக் கால்வாய் ஓரம் இரண்டு முழமாவது புல்லை விட்டுவைப்பது ஆகிய சாதாரண வேலைகளே பெரும்பகுதியைத் தடுத்துவிடும். மண் பரிசோதனையில் மணிச்சத்து அதிகம் என்று வந்த வயலுக்கு அந்தப் பருவத்தில் டி.ஏ.பி.யைக் குறைத்தால் உங்கள் பணமும் மிச்சம். நெல்லுக்கு அடியுரம் இட்ட சில நாட்களுக்கு வயல் நீரை வடிக்காதீர்கள்.

தண்ணீர் தங்கும் நாட்கள்

ஆறும் ஏரியும் வேறுபடுவது இங்கேதான். ஓடும் ஆற்றில் சத்து வந்தாலும் பாசி பெருகுவதற்குள் தண்ணீர் நகர்ந்துவிடும். கல்லிலும் மணலிலும் புரளும்போது காற்று கலக்கும். மணல் துகள்களின் மேல் ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்கும். மணலை அள்ளிவிட்ட ஆற்றில் இந்த வடிகட்டி போய்விடுகிறது. நிலத்தடி நீர் இறங்குவதைப் பேசுகிற அளவுக்கு இதை நாம் பேசுவதில்லை.

காவிரியையே எடுத்துக்கொள்ளுங்கள். வழியெங்கும் வயல்களின் வடிகாலையும் ஊர்களின் கழிவையும் வாங்கிக்கொண்டு வரும் ஆறு, 1934 முதல் இயங்கும் மேட்டூர் அணையில் வந்து நிற்கிறது. முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஆறாக ஓடிவந்த தண்ணீர் அங்கே ஏரியாகிவிடுகிறது. நீர் நின்று, வண்டல் அடியில் இறங்கி, வெயில் உள்ளே ஊடுருவும்போது பாசிக்கு எல்லாமே கிடைத்துவிடுகிறது. பச்சைப் படலம் பரவும் ஆண்டுகளில் நுண்ணுயிர்க் கரைசல் தெளிக்கிறார்கள். நாற்றம் குறையலாம், கரையோர மக்களுக்கு அது பெரிய ஆறுதல்தான். ஆனால், செத்த பாசியில் இருந்த மணிச்சத்து எங்கும் போய்விடுவதில்லை. அது சேற்றில் படிந்து அடுத்த வாய்ப்புக்குக் காத்திருக்கும்.

சத்து நிறைந்த தண்ணீரே கெட்டதா என்றால், இல்லை. வேடந்தாங்கலில் பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்று அறிந்த ஊர்க்காரர்கள் அந்தப் பறவைகளைக் காத்தார்கள். 1798-லேயே ஆங்கிலேய ஆட்சியரிடம் அதற்கான ஆணையையும் பெற்றார்கள். அங்கே மதகு திறந்தது, தண்ணீரோடு சத்தும் வயலுக்குப் போனது, நெல் எடுத்துக்கொண்டது. இன்று பல ஊர்களில் ஆயக்கட்டு முழுவதும் போர்வெல் பாசனத்துக்குப் போய்விட்டதால் மதகே திறப்பதில்லை. வந்த சத்து வந்தபடியே ஏரியில் தங்கி, வெயிலில் வற்றிச் செறிவாகிறது. ஏரி நீரை வயலுக்குப் பாய்ச்சுவது ஏரியின் நலனுக்கும் தேவை என்பது என் கருத்து. முறை வைத்து மதகைத் திறக்கும் பழக்கம் விட்டுப்போன ஊர்களில் அதைத் திரும்பக் கொண்டுவருவது ஆழப்படுத்துவதைவிட முக்கியம் என்றுகூடச் சொல்வேன்.

பொக்லைன் இறங்கும் முன்

இப்போது வண்டலுக்கு வருவோம். பல ஆண்டு மணிச்சத்து சேர்ந்து கிடக்கும் மேல் சேற்றை எடுத்து வயலில் போடுவது ஏரிக்கும் நல்லது, வயலுக்கும் நல்லது. ஆனால், வண்டல் முடிந்து சவுடோ கிராவலோ தெரிந்தால் அங்கே நிறுத்திவிடுங்கள். அதற்குக் கீழே எடுப்பது உரம் அல்ல, வெறும் மண். தண்ணீரைப் பிடித்து வைத்திருந்த களி அடுக்கும் உடைந்து, ஏரி மார்கழியிலேயே வற்றலாம். மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டும் ஆழத்தால் ஆயக்கட்டுக்கு ஒரு சொட்டுத் தண்ணீரும் தானாக வராது. கோடையில் மீனுக்கும் மாட்டுக்கும் கொஞ்சம் தண்ணீர் நிற்க ஒரு பள்ளம் போதும், அதுவும் சரிவாக இறங்கும் பள்ளமாக இருக்கட்டும். கரையடியை ஒட்டி வெட்டவே கூடாது.

பெரிய இழப்பு நடப்பது ஓரத்தில். கரைக்கு எதிர்ப்பக்கம் தண்ணீர் கணுக்காலில் தொடங்கி இடுப்பளவு ஆழமாகும் அந்தச் சரிவில்தான் கோரையும் சம்பும் அல்லியும் வளர்கின்றன. வரத்துக் கால்வாய் கொண்டுவரும் மண் அங்கே தங்குகிறது. யூரியாவின் ஒரு பகுதி வயலில் காற்றாகப் போய்விடுவதை நஷ்டம் என்கிறோம். ஏரியோரச் சேற்றில் அப்படி நடப்பது ஏரிக்கு லாபம், ஏனென்றால் மிகுதியான தழைச்சத்து அங்கேயே கழிந்துவிடுகிறது. விரால் குஞ்சு பொரிப்பதும் அந்தச் செடிகளுக்கு நடுவில்தான். 'அழகாக' இருக்கட்டும் என்று இந்த ஓரத்தைச் செங்குத்தாக வெட்டி நடைபாதை போடுகிறார்கள். கிராம சபையில் தூர்வாரும் தீர்மானம் வரும்போது, எவ்வளவு ஆழம் என்பதோடு, எந்தப் பக்கத்து ஓரம் தொடாமல் விடப்படும் என்பதையும் எழுதச் சொல்லிக் கேளுங்கள். ஆகாயத்தாமரை வேறு கதை. வெளியிலிருந்து வந்த அது நீர்ப்பரப்பை மூடி அடியில் ஆக்சிஜன் இல்லாமல் செய்துவிடும். அதை வாரி, ஏரிக்கரையிலேயே மட்கவிடாமல், உரக்குழிக்குக் கொண்டுபோங்கள். கரையில் மட்கினால் அதன் சத்து மழையோடு ஏரிக்கே திரும்பும்.

எல்லா வண்டலும் வயலுக்கு ஏற்றதல்ல. தோல் பதனிடும் கழிவோ சாயக்கழிவோ வந்த வழித்தடத்தில் உள்ள நீர்நிலையின் மண்ணை இலவசம் என்பதற்காக எடுக்காதீர்கள். நொய்யலில் பாசனத்துக்கெனக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் இடமானதை நாம் பார்த்தோம். மற்ற ஏரிகளிலும் நாலைந்து இடத்தில் எடுத்த மாதிரியை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து, கார அமில நிலையும் உவர்த்தன்மையும் பார்த்துவிட்டு லோடு அடியுங்கள். களி மிகுந்த கரிசலுக்கு ஏரிக் களி தேவையே இல்லை.

ஏரி நீரைப் பார்க்க ஆய்வகம் வேண்டியதில்லை. நண்பகலில் முட்டியளவு நீரில் நின்று, உள்ளங்கையை விரித்து மெல்லக் கீழே இறக்குங்கள். ஒரு சாண் ஆழத்துக்குள் கை மறைந்து, நீர் பழுப்பாக இருந்தால் அது மண் கலங்கல். பச்சையாக இருந்தால் பாசி அளவு மீறிவிட்டது. மீன் வளர்ப்பவரிடம் சொல்லி, சாணமும் கோழி எருவும் கொட்டுவதை அன்றே நிறுத்தச் செய்யுங்கள். காற்று ஒதுக்கும் கரையில் பச்சைப் பெயின்ட் ஊற்றியது போலப் படலம் சேர்ந்திருந்தால் அந்தப் பக்கம் ஆடு மாடுகளைத் தண்ணீருக்கு விடாதீர்கள். அந்தப் பாசிகளில் சில நஞ்சு சுரப்பவை, நீரைக் காய்ச்சினாலும் அந்த நஞ்சு போகாது.