மறுபடியும் நாற்காலி கேட்கும் தபால் தலைவர்கள்

அமெரிக்க தேசத்துத் தபால் இலாகாவில் இரண்டு பெரிய தொழிலாளர் சங்கங்கள் இருக்கின்றன. ஒன்று, நகரங்களில் வீடு வீடாய்க் கடிதம் கொண்டு போய்க் கொடுக்கும் தபால்காரர்களுடையது. மற்றொன்று, தபால் பிரிக்கிறவர்கள், ஜன்னலில் ஸ்டாம்பு விற்கும் குமாஸ்தாக்கள், மோட்டார் ஓட்டுகிறவர்கள், இயந்திரம் பழுது பார்க்கிறவர்கள் ஆகியோருடையது. முந்தியதில் நான்கு வருஷத்துக்கொரு தரமும், பிந்தியதில் மூன்று வருஷத்துக்கொரு தரமும் தலைவர் முதலிய நிர்வாகஸ்தர்களைத் தெரிந்தெடுக்கிறார்கள். ஓட்டுச் சீட்டு தபாலிலேயே மெம்பர் வீட்டுக்கு வந்து, தபாலிலேயே திரும்பிப் போக வேண்டும்.

இந்த எலக்ஷன்களில் பதவியில் இருக்கிற ஆசாமி மறுபடியும் ஓட்டுக் கேட்டு வரும்போது என்ன சொல்லுகிறார் என்று பார்த்தால், எங்கும் ஒரே பாட்டாகத்தான் இருக்கிறது. தாம் இத்தனை வருஷம் சங்கத்துக்கு உழைத்ததாகவும், அனுபவம் முழுவதும் தம்மிடமே இருப்பதாகவும், இந்தச் சமயத்தில் ஆளை மாற்றினால் எஜமான் பக்கம் சிரிப்பார்கள் என்றும் சொல்லுகிறார். மெம்பர்களில் பலரும், "பாவம், உழைத்தவர்தானே, இன்னொரு தடவை இருந்துவிட்டுப் போகட்டும்" என்கிறார்கள். தோழர்களே! இந்தப் "பாவம்" என்கிற சொல்லைத்தான் நாம் கண்டிக்கிறோம்.

உழைத்தார் என்றால் யாருக்கு என்ன கிடைத்தது என்று கேட்க வேண்டாமா? மழையிலும் பனியிலும் பையைச் சுமந்து நடக்கிற தபால்காரனும்தான் உழைக்கிறான். சங்கத் தலைவர் பையை இறக்கி வைத்துவிட்டு ஆபீசில் உட்கார்ந்து, அந்தத் தபால்காரன் கொடுக்கும் சந்தாவிலிருந்து சம்பளம் வாங்கிக் கொண்டு செய்கிற வேலைக்கு உழைப்பு என்று பேர் கொடுப்பதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் சம்பளம் வாங்கிச் செய்த வேலையைத் தியாகம் என்று சொல்லி அதற்குக் காணிக்கையாக ஓட்டைக் கேட்பது எந்த ஊர் நியாயம்? கூலிக்கு ஆள் வைத்தவன், வேலை முடிந்ததும் வேலையைப் பார்ப்பானா, ஆளின் முகத்தைப் பார்ப்பானா?

மற்றத் தொழிலில் இருப்பவர்களைவிடத் தபால் தொழிலாளிக்கு இந்த விஷயத்தில் அதிக ஜாக்கிரதை வேண்டியிருக்கிறது. ஏனென்றால் அவன் வேலை நிறுத்தம் செய்யச் சட்டத்தில் இடமில்லை. ஒரு மில் தொழிலாளியின் தலைவர் மோசமான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால், தொழிலாளி மில்லை நிறுத்தியாவது சரிக்கட்டிக் கொள்ளப் பார்ப்பான். தபால் தொழிலாளிக்கோ, தலைவர் பேசி முடிப்பதுதான் முடிவு. பேச்சு முறிந்தால் மத்தியஸ்தர் சொல்வது முடிவு. அவன் கையில் மிஞ்சியிருப்பது ஒப்பந்தத்தை ஏற்கவோ தள்ளவோ போடும் ஓட்டும், தலைவரை வைக்கவோ நீக்கவோ போடும் ஓட்டுமேயாகும். இந்த இரண்டாவது ஓட்டைப் "பாவம்" பார்த்துப் போட்டால் பிறகு என்ன மிச்சம்?

1970-ம் வருஷத்தில் நடந்ததைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்போது ஒரு தபால்காரனின் ஆரம்பச் சம்பளம் வருஷத்துக்கு 6,176 டாலர். உச்சச் சம்பளமாகிய 8,442 டாலரைத் தொட அவன் 21 வருஷம் நடக்க வேண்டும். நியூயார்க்கில் குடித்தனம் நடத்த இது போதாமல், வேலையில் இருந்துகொண்டே சர்க்காரின் ஏழை உதவிப் பணம் வாங்கினவர்களும் உண்டு. தேசத் தலைமை நிர்வாகஸ்தர்களோ "பொறுங்கள், பொறுங்கள்" என்றே சொல்லி வந்தார்கள். வேலை நிறுத்தம் செய்தால் ஜெயில் என்று சட்டம் இருந்தும், நியூயார்க் தபால்காரர்கள் தாங்களே ஓட்டெடுத்து மார்ச்சு மாதம் 18-ந் தேதி வெளியே வந்தார்கள். சில நாளில் 2 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் சேர்ந்துவிட்டார்கள். ஜனாதிபதி நிக்ஸன் பட்டாளத்தை அனுப்பி தபால் பிரிக்கச் சொன்னார். பட்டாளத்துக்குத் துப்பாக்கி பிடிக்கத் தெரியுமே ஒழிய, எந்தத் தெருக் கடிதம் எந்த அறையில் போடுவதென்று தெரியுமா? எட்டு நாளில் சர்க்கார் பேச்சுக்கு வந்தது. அந்த வருஷமே ஆகஸ்டு மாதத்தில் நிறைவேறிய புதுச் சட்டத்தால் சம்பளம் பேசும் உரிமை வந்தது. உச்சச் சம்பளத்துக்கு 21 வருஷம் என்பது 8 வருஷமாயிற்று. அனுபவசாலித் தலைவர்கள் பல வருஷமாய் வாங்கித் தராததை அனுபவமில்லாத தெருத் தபால்காரன் எட்டு நாளில் வாங்கிக் கொண்டான் என்றால், அனுபவம் என்கிற சரக்குக்கு என்ன விலை போடுவது?

நிற்க. நாற்காலியில் இருந்தவர்கள் மறுபடியும் நின்று தோற்ற கதைகளைப் பார்ப்போம். 1978-ம் வருஷம் ஜூலையில் தலைவர்கள் ஒரு ஒப்பந்தத்துக்குச் சம்மதித்து வந்தார்கள். மெம்பர்கள் ஓட்டுப் போட்டு அதைத் தள்ளிவிட்டார்கள். சில ஊர்களில் வேலையை நிறுத்தினவர்களில் சுமார் 200 பேர் வேலை இழந்தார்கள். அவ்வருஷமே நடந்த எலக்ஷனில் தபால்காரர் சங்கத் தலைவர் ஜோசப் வாக்கா என்பவர், 1970-ம் வருஷ வேலை நிறுத்தத்தில் முன்னின்ற நியூயார்க் தபால்காரர் வின்சென்ட் சொம்ப்ரோட்டோவிடம் தோற்றார். 1980-ல் குமாஸ்தாக்கள் சங்கத்திலும் தலைவர் எம்மட் ஆண்ட்ரூஸ் தோற்று, மோ பில்லர் வந்தார்.

பிறகு 2011-ம் வருஷத்துச் சங்கதி. அப்போது தபால் இலாகா பெரிய நஷ்டத்தில் இருந்தது. 2006-ல் செய்த ஒரு சட்டம், ஓய்வு பெறப் போகிறவர்களின் வைத்தியச் செலவுக்காக வருஷத்துக்குச் சுமார் 550 கோடி டாலர் முன்கூட்டியே ஒதுக்க வேண்டுமென்று கட்டாயப்படுத்தியது. இந்தச் சுமையைக் காட்டி நிர்வாகம் சம்பளத்தில் கை வைக்கப் பார்த்தது. குமாஸ்தாக்கள் சங்கத்துக்கு அப்போது தலைவர் கிளிஃப் கஃபி. அவர் முடித்து வந்த ஒப்பந்தத்தில் பழைய ஆட்களுக்கு வேலை நீக்கமில்லை என்கிற பாதுகாப்பு இருந்தது. ஆனால் புதிதாக வருகிறவர்களுக்குச் சம்பள விகிதம் குறைந்தது. நிரந்தரமில்லாத புது ஜாதி ஆள் ஒருவகையும் உண்டாக்கப்பட்டது. ஒரே மேஜையில், ஒரே கடிதத்தை, ஒரே கையால் பிரிக்கிற இருவருக்கு இரண்டு கூலி! பிறப்பால் மேல் கீழ் வைக்கிறவர்களை நாம் ஏசுகிறோமே, வேலைக்குச் சேர்ந்த தேதியால் மேல் கீழ் வைப்பது மட்டும் அழகாகுமா?

இந்த ஒப்பந்தத்தையும் மெம்பர்கள் ஓட்டுப் போட்டு ஒப்புக் கொண்டார்கள் என்பதை மறைக்க நாம் விரும்பவில்லை. பழைய ஆட்கள் தங்கள் தலை தப்பினால் போதும் என்று நினைத்திருக்கலாம். ஆனால் 2013-ல் கஃபி மறுபடியும் நின்றபோது கணக்குத் தீர்ந்தது. மார்க் டைமண்ட்ஸ்டீன் என்பவர் எதிர்த்து நின்று ஜெயித்தார். கஃபி யோக்கியரல்ல என்று நாம் சொல்லவில்லை. அவர் செய்த வேலை இன்னது என்று மெம்பர்கள் பார்த்தார்கள், வேறு ஆளை வைத்தார்கள், அவ்வளவுதான். இதில் நன்றிகெட்டதனம் எங்கே இருக்கிறது?

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. நாற்காலிக்காரரைத் தள்ளிவிட்டு வந்த சொம்ப்ரோட்டோ 2002 வரையிலும், பில்லர் 2001 வரையிலும் அதே நாற்காலிகளில் இருந்தார்கள். இருபது வருஷத்துக்கும் மேல்! அவர்கள் நன்றாகவே காரியம் செய்திருக்கலாம். கலகக்காரராக வந்தவரும் நாளடைவில் மிராசுதாரர் போலாகிவிடக் கூடும் என்பதற்காகவே சொல்லுகிறோம். மிராசுதாரராக்குவது அவருடைய ஆசை மட்டுமல்ல, கேள்வி கேட்க மறந்த மெம்பர்களின் சோம்பலுமாகும்.

1959-ல் அமெரிக்காவில் சங்க எலக்ஷன்களுக்கென்று ஒரு சட்டம் செய்தார்கள். சங்கப் பணத்தைத் தலைவர்கள் சொந்தப் பணம்போல் கையாடியதும், எலக்ஷனை வேடிக்கையாக நடத்தியதும் வெளிவந்ததன்மேல் பிறந்தது அது. 1970-ம் வருஷச் சட்டம் அதைத் தபால் சங்கங்களுக்கும் கொண்டு வந்தது. சங்கத்தின் பணத்திலோ எஜமானின் பணத்திலோ ஒரு காசுகூட எந்த அபேட்சகருக்காகவும் செலவாகக் கூடாது. சங்கப் பத்திரிகையைப் பிரசாரக் கருவியாக்கக் கூடாது. எதிர்த்து நிற்கிறவரும் தம் செலவில் மெம்பர்களுக்குத் துண்டுப் பிரசுரம் அனுப்பக் கேட்டால் சங்கம் அனுப்பியே தீர வேண்டும். ஓட்டு எண்ணும்போது அவருடைய ஆள் பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

சட்டம் இப்படி இருந்தும், பதவியிலிருக்கிறவருக்கு உள்ள சௌகரியம் போய்விடுமா? அவர் சங்க வேலையாக ஊர் ஊராய்ப் போகிறார். எதிரி லீவு எடுத்துப் போக வேண்டும். சங்கப் பத்திரிகையில் அவர் கையெழுத்தோடு வியாசம் வருகிறது. இதையெல்லாம் சட்டத்தால் தடுக்க முடியாது. மெம்பருடைய கண்தான் தடுக்க வேண்டும். பெரிய சங்கங்கள் வருஷந்தோறும் ஒவ்வொரு நிர்வாகஸ்தரின் சம்பளத்தையும் செலவையும் சர்க்காருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அதை யாரும் பார்க்கலாம். பார்க்கிறவர்கள்தான் எத்தனை பேர்?

இன்னும் பெரிய வெட்கம் ஒன்று இருக்கிறது. தேசத்தார் எல்லோருடைய ஓட்டுச் சீட்டையும் பத்திரமாய்க் கொண்டு சேர்க்கிற இந்தத் தபால் தொழிலாளர்களில் பெரும் பகுதியார், தங்கள் சங்க எலக்ஷனில் தங்கள் வீட்டுக்கு வந்த சீட்டைத் திருப்பி அனுப்புவதே இல்லை! தலைவர் பிடிக்கவில்லை என்றால் சிலர் சங்கத்தை விட்டே விலகிவிடுகிறார்கள். அங்கே சங்கத்தில் சேரக் கட்டாயமில்லை. விலகினவனுக்கும் அதே ஒப்பந்தம், அதே சம்பளம். அவன் விலகியதால் யாருக்கு லாபம்? பிடிக்காத தலைவருக்கு ஓர் எதிர் ஓட்டுக் குறைந்ததுதான் லாபம்.

எலக்ஷனில் அக்கிரமம் நடந்ததென்றால் முதலில் சங்கத்துக்குள்ளேயே முறையிட வேண்டும். அங்கே கடைசித் தீர்ப்பு பாதகமாய் வந்தாலும், மூன்று மாதம் வரை தீர்ப்பே வராமல் போனாலும், அதன்பின் ஒரு மாதத்துக்குள் தொழில் இலாகா மந்திரிக்கு எழுதலாம். அவர் விசாரித்து, நியாயம் இருந்தால் கோர்ட்டுக்குப் போய், தம் மேற்பார்வையில் மறு எலக்ஷன் நடத்த வைப்பார். இதற்கு வக்கீலும் வேண்டாம், பாரமும் வேண்டாம்; ஒரு கடிதம் போதும். கடிதம் அனுப்பும் வழி தெரியாதவர்களா அவர்கள்?