என்ஜின் திணறினால் உடனே பிரிக்காதீர்கள்!

பழனிசெட்டிபட்டியில் இருந்து குமுளிக்கோ, போடிமெட்டுக்கோ போனால் மலை ஏற வேண்டும். ஏற்றத்தில் பழைய புல்லட் திணறினால் என்ன ஆகும்? பின்னால் பஸ் வரும். பின் இருக்கையில் மனைவியும் குழந்தையும் இருப்பார்கள். ஆபத்து!

அதற்காக உடனே என்ஜினைப் பிரிப்பது வீண் செலவு. செலவில்லாத சோதனைகளே முதலில் வேண்டும்.

2020-க்குப் பின் வந்த புல்லட்டுகளில் கார்புரேட்டர் இல்லை. பழைய வண்டிக்குப் பெட்ரோல், காற்று, தீப்பொறி மூன்றையும் நாமே பார்க்கலாம்.

டாங்க் மூடியில் காற்றுத் துளை உண்டு. அது அடைத்தால் பெட்ரோல் இறங்காது. வண்டியை நிறுத்தி, மூடியைத் திறந்து மூடுங்கள். கொஞ்ச தூரம் நன்றாக ஓடி, மறுபடி திணறினால் குற்றவாளி மூடிதான்! பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது.

ஆக்சிலேட்டரைத் திருகத் தொடங்கும்போது மட்டும் திணறுகிறதா? கார்புரேட்டரில் பைலட் ஜெட் அடைத்திருக்கலாம். பல நாள் நிறுத்திய வண்டியில் பெட்ரோல் பிசினாகி விடும்.

என்ஜின் ஆறியதும் பிளக்கைக் கழற்றுங்கள். காப்பி நிறம் நல்லது. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். அல்லது ஏர் பில்டரில் தூசி. வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு.

பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும்.

அதன் பிறகும் திணறினால் மெக்கானிக்கிடம் போங்கள். எப்போது, எப்படித் திணறுகிறது என்று சொல்லுங்கள். நோயாளி சொல்வதைக் கேட்டுத்தானே டாக்டர் மருந்து கொடுக்கிறார்?