செவியில்லாத வகுப்பு

வேளச்சேரியில் நான் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தில், இஷாத் தொழுகை முடிந்து படியேறி வரும்போது மூன்று வீடுகளிலிருந்தேனும் அரபுப் பாடம் ஒலிப்பதைக் கேட்கிறேன். பகலெல்லாம் தரமணியிலும் பெருங்குடியிலும் கணினி வேலை பார்த்துக் களைத்துத் திரும்பிய இளைஞர்களும், பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு வந்தமரும் தாய்மார்களும் இணையவழிக் குழு வகுப்புகளில் அரபு மொழி பயில்கின்றனர். மதரஸாவில் ஓதி, ஐம்பது வயதைக் கடந்துவிட்ட என் போன்றவனுக்கு இதைவிட மகிழ்ச்சி தரும் செய்தி வேறென்ன இருக்க முடியும்? ஆயினும் ஒருநாள் அவ்வொலியைக் கூர்ந்து கேட்டபோது மகிழ்ச்சி கவலையாக மாறிற்று. கேட்டதெல்லாம் ஆசிரியரின் குரலே. மாணவரின் குரல் ஒரு வீட்டிலிருந்தும் எழவில்லை.

அந்தக் கவலை வீண் அன்று என்பதைச் சில நாட்களில் கண்டேன். அண்டை வீட்டு மருமகள் ஓராண்டு பயின்று சான்றிதழும் பெற்றவர். தம் மாமியாருடன் எங்கள் வீட்டுக்கு வந்து, “ஹஜ்ரத், நான் ஓதுவதை ஒரு தடவை கேளுங்கள்” என்றார். அஷ்ஷுஅரா அத்தியாயத்தில், தூய உள்ளத்தோடு இறைவனிடம் வருபவரைப் பற்றிக் கூறும் வசனத்தை ஓதினார். உள்ளத்தைக் குறிக்கும் சொல் அடிநாவில் பிறக்கும் ‘காஃப்’ எழுத்தில் தொடங்குவது. அவரோ நம் தமிழ்க் ககரத்தால் ஒலித்தார். அவ்வாறு ஒலித்தால் அச்சொல்லுக்கு நாய் என்று பொருள். திருமறையின் அவ்விடத்தில் பொருள் என்னவாகிறது என்பதை எழுதவும் என் பேனா கூசுகிறது.

“ஓராண்டாக யாருமே திருத்தவில்லையா, அம்மா?” என்று கேட்டேன்.

“வகுப்பில் நாற்பது பேர், ஹஜ்ரத். மைக்கை மியூட்டில்தான் வைத்திருக்க வேண்டும். நான் ஓதியதை அவர்கள் கேட்டதே இல்லை” என்றார்.

இதில் அப்பெண்மணியின் குற்றம் எதுவுமில்லை. அவர் காசு கொடுத்தார், காலம் கொடுத்தார், உறக்கத்தையும் கொடுத்தார். அவருக்குக் கொடுக்கப்படாதது ஓர் ஆசிரியரின் செவி.

இங்கே என் தோழர்களான ஆலிம்கள் சிலர், “திரையில் கற்பதும் ஒரு கல்வியா? உஸ்தாதின் முன் மண்டியிட்டு அமராத கல்வியில் பரக்கத் ஏது?” என்று கூற முன்வருவர். அவர்களோடு நான் உடன்படவில்லை. 2020ஆம் ஆண்டு ஊரடங்கில் பள்ளிவாசல்களும் மதரஸாக்களும் கதவடைத்தபோது திரையின்றி நம் பாடங்கள் எவ்வாறு நடந்திருக்கும்? மேலும், குடும்பத் தலைவி ஒருத்தி அரபு இலக்கணம் பயில விரும்பினால் அவளுக்கென நம் மதரஸாக்களில் எத்தனையில் ஓர் இடம் இருந்தது? நம் மக்தபுகளில் குர்ஆனை முடித்துச் சீரணி பகிர்ந்த பிள்ளைகளில் எத்தனை பேருக்கு ஒரு வசனத்தின் பொருளைச் சொல்லிக் கொடுத்தோம்? நாம் விட்டுவைத்த பள்ளத்தையன்றோ இணைய வகுப்புகள் நிரப்ப வந்துள்ளன! ஆகவே என் வழக்கு திரையோடு அன்று. மாணவரின் வாயை அடைத்துவிட்டு மொழி கற்பிப்பதாகக் கூறும் கூட்ட வகுப்போடுதான்.

கணக்கிட்டுப் பாருங்கள். வகுப்பு 45 நிமிடம். ஆசிரியர் பாடம் நடத்த 25 நிமிடம் போக எஞ்சுவது 20 நிமிடம். அதை முழுவதும் மாணவர்களுக்கே விட்டாலும், 40 பேருக்கு ஆளுக்கு அரை நிமிடமே கிடைக்கும். வாரம் இரண்டு வகுப்பு வீதம் ஆண்டில் நூறு வகுப்பு என்றால், ஓராண்டு முழுவதும் ஒருவர் வாய்திறந்தது 50 நிமிடம்! அதே வகுப்பில் ஆறு பேர் மட்டும் இருப்பின் ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிடத்துக்கு மேல் கிடைக்கும்.

பிற மொழியினரைவிடத் தமிழருக்கு இது குறைவான தேவையா? தொண்டையில் பிறக்கும் எழுத்துகள் அரபியில் ஆறு. நம் தாய்மொழி அந்தப் பயிற்சியை நம் தொண்டைக்குத் தரவில்லை. தமிழ் எழுத்தில் ‘அலீம்’ என்று எழுதினால் அது ‘அறிந்தவன்’ என்பதா, ‘வேதனை தருவது’ என்பதா என்று எழுத்து சொல்லாது. இதனை நன்கு உணர்ந்திருந்த நம் முன்னோர், அரபு எழுத்துகளோடு புள்ளிகள் சேர்த்து, ழகரம் உள்ளிட்ட தமிழ் ஒலிகளுக்கும் வடிவம் வகுத்து, அரபுத்தமிழ் கண்டனர். தொல்காப்பியர் பிறப்பியலில் எழுத்துகளின் பிறப்பிடம் வகுத்ததும், அரபு அறிஞர்கள் மக்ரஜ் வகுத்ததும் ஒரே உண்மையின் மேல்தான். எழுத்து பிறப்பது வாயில். அது சரியாகப் பிறந்ததா என்று தீர்ப்பளிப்பது பிறர் செவி.

அரபு இலக்கணத்தின் தலைமகன் எனப் போற்றப்படும் சீபவைஹி பாரசீகக் குடியில் பிறந்தவர். 8ஆம் நூற்றாண்டில் பஸராவில் ஹம்மாது இப்னு ஸலமாவிடம் ஹதீஸ் பாடம் கேட்கையில் ஒரு சொல்லின் இறுதியைப் பிழையாக ஒலித்தார் என்றும், ஆசிரியர் சபையிலேயே திருத்தினார் என்றும், அந்த நாணமே அவரை இலக்கணத்தின்பால் திருப்பிற்று என்றும் வரலாறு கூறும். சீபவைஹியை மியூட்டில் வைத்திருந்தால் ‘அல்கிதாப்’ என்னும் பெருநூல் நமக்குக் கிடைத்திருக்குமா? இன்னும் மேலே செல்வோம். ரமளான் தோறும் ஜிப்ரீல் (அலை) அவர்கள் வந்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்களோடு குர்ஆனை ஓதிப் பார்த்தனர். இறுதி ஆண்டில் இருமுறை பார்த்தனர். வேதம் அருளப்பெற்றவருக்கே ஓதிக் காட்டுதல் உண்டென்றால் நாம் எம்மாத்திரம்?

இணைய வகுப்புகள் பலவற்றில் பாடநூலாக விளங்குவது மதீனா நூல்கள் எனப்படும் மூன்று தொகுதிகள். அவற்றை இயற்றிய டாக்டர் வி. அப்துர் ரஹீம் நம் வாணியம்பாடியில் 1933இல் பிறந்து, மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டு கற்பித்து, 2023இல் மறைந்தவர். பொருளைச் சுட்டிக் கேள்வி கேட்டு, மாணவனின் வாயிலிருந்தே விடையை வருவிக்கும் வகையில் அந்நூல்கள் அமைந்துள்ளன. கேள்வி மாணவனை அடையாத வகுப்பில் அந்நூலைத் திரையில் காட்டிப் படித்துக்கொண்டே போவது, மருந்துச் சீட்டை வாசித்துவிட்டு நோய் தீர்ந்தது என்பதைப் போன்றதாகும்.

‘முப்பது நாளில் அரபு’ என்று விளம்பரம் செய்வோர் ஒரு சான்று காட்டக்கூடும். நாயகத்தின் கட்டளைப்படி ஸைது இப்னு ஸாபித் (ரலி) யூதர்களின் எழுத்தைப் பதினைந்தே நாளில் கற்கவில்லையா என்பர். கற்றார், உண்மை. அவர் அரபு பேசிப் பிறந்தவர். கற்றது அரபுக்கு உறவான மொழியின் எழுத்தை. அம்மொழியினர் அவர் ஊரிலேயே வாழ்ந்தனர். கற்றதைக் கடிதம் எழுதவும் படிக்கவும் பயன்படுத்தினார். இவற்றில் ஒன்றேனும் நம் நாற்பதின்மர் வகுப்பில் உண்டா?

சிறு குழுவுக்குக் கட்டணம் கூடுமே என்பது நியாயமான கேள்வி. அதற்கு விடை நம் மஹல்லாவிலேயே இருக்கிறது. இலக்கணத்தைத் திரையில் கேளுங்கள். வாரம் பத்து நிமிடம் அருகிலுள்ள ஆலிமிடமோ, ஆலிமாவிடமோ ஓதிக் காட்டுங்கள். திருமண மண்டபத்துக்கு ஒரே இரவில் செலவிடும் சமுதாயத்துக்கு, அதற்கென ஒருவரை அமர்த்தி ஊதியம் தருவது பெரும் பாரமாகாது. ஆலிம்களும் அழைப்புக்குக் காத்திராமல் தாமே முன்வர வேண்டும்.

வகுப்பில் சேருமுன் பெற்றோரும் தாய்மார்களும் ஆசிரியரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: “ஒவ்வொரு வகுப்பிலும் என் குரலைக் கேட்பீர்களா?” ஆம் என்பவரிடம், அவர் ஆயிரம் கல் தொலைவில் இருந்தாலும் சேருங்கள். இல்லை என்பவர் அடுத்த தெருவில் இருந்தாலும் விலகுங்கள்.

அண்டை வீட்டு மருமகள் இப்போது வியாழன்தோறும் என் மனைவியும் நானும் அமர்ந்திருக்க வந்து ஓதுகிறார். ‘காஃப்’ வந்துவிட்டது. ‘ஐன்’ இன்னும் வரவில்லை. வரும், கேட்பதற்கு இரு செவிகள் இருக்கின்றன.