சக்கை காயவைக்க மூவாயிரம் டாலரா?

போன வாரம் நண்பர் வீட்டில் சாப்பாடு. ஃப்ரீஸ் டிரையர் வாங்கப் போகிறாராம். பிள்ளைகளுக்கு ஊர்ச் சக்கையும் மரச்சீனியும் வருஷம் பூரா கிடைக்குமாம். இருபது வருஷம் கடன் விண்ணப்பம் பார்த்த கை சும்மா இருக்குமா? நாப்கினில் கணக்கு போட்டேன்.

மெஷின் விலை 3000 டாலர், ஆயுசு பத்து வருஷம் என்று வையுங்கள். வருஷத்துக்கு 300. ஒரு தடவைக்கு நாலு கிலோ. ஒரு நாளுக்கு மேல் ஓடும். சக்கைச்சுளையில் முக்கால் பங்கு தண்ணீர், மிஞ்சுவது ஒரு கிலோ. மாசம் இரண்டு தடவை ஓட்டினால் கிலோவுக்கு பன்னிரண்டரை டாலர் தேய்மானம் மட்டும். வருஷத்துக்கு நாலே தடவை என்றால் (நம்ம ட்ரெட்மில் கதை தெரியாதா?) 75 டாலர்! கரண்ட், பம்ப் ஆயில், சக்கை விலை தனி.

தொழில்நுட்பத்தைக் குறை சொல்லவில்லை. உறைந்த ஐஸ் தண்ணீராகாமலே ஆவியாகிறது. இரண்டாம் உலகப்போரில் ரத்த பிளாஸ்மாவையே இப்படித்தான் காயவைத்தார்கள். ஆனால் கொழுப்பு இதில் காயாது, நாள்பட சிக்கு வாடை அடிக்கும். அப்போ அவியலும் தீயலும் அவுட். தேங்காயை எடுத்துவிட்டால் நம்ம சமையலில் என்ன மிச்சம்?

தோட்டம் போட்டு மூட்டை மூட்டையாய் அறுப்பவர் வாங்கட்டும். நமக்கு எதுக்கு?

குன்னத்துகாலில் அம்மை இப்பவும் மரச்சீனியை வேகவைத்து, பாறையில் வெயிலுக்குப் போட்டு, காக்கா விரட்டி, டப்பாவில் அடைத்து வைக்கிறாள். முதலீடு ஒரு பழைய பாய். போன தடவை போனில், "எப்ப மக்கா வருவே?" என்றாள்.

3000 டாலரில் இரண்டு டிக்கெட்டாவது வரும். சக்கை சீசனுக்கு லீவு கேட்டிருக்கிறேன்.